வாசகர் கேள்வி – பதில்: கன உலோகங்களும் சிறுநீரகமும்

ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் உடலில் சேர்வதைப் பற்றிக் கடந்த இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். பெரும்பாலான கடிதங்கள் சிறுநீரகத்தைக் குறித்தே இருந்தமையால், இம்முறை சிறுநீரக மருத்துவரிடம் அவற்றை ஒப்படைத்தோம். ஒரே பொருளுடைய கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: பழைய வாகன பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உடன் வேலை செய்யும் ஒருவருக்கு உடலில் ஈயம் மிகுதியாகச் சேர்ந்திருப்பதாகவும் சிறுநீரகம் பழுதடைந்திருப்பதாகவும் மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். நானும் பரிசோதித்துக்கொண்டேன். கிரியேட்டினின் சரியான அளவில் இருக்கிறது. சிறுநீரில் புரதமும் இல்லை. இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

பதில்: கவலை வேண்டாம் என்று எழுதிவிடத்தான் எனக்கும் விருப்பம். ஆனால், நீங்கள் செய்துகொண்ட இரண்டு பரிசோதனைகளும் அந்த உறுதியைத் தரப் போதுமானவை அல்ல. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த இதழின் மற்றப் பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகங்களுக்குள் செல்கிறது. அங்குள்ள வடிமுடிச்சுகள் என்னும் நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுருள்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்துத் தள்ளுகின்றன. அதில் நாம் சிறுநீராகக் கழிப்பது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி முழுவதையும் நுண்குழல்கள் மீட்டெடுத்து இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இந்த மீட்புப் பணியில் பெரும்பகுதியைச் செய்வது, வடிமுடிச்சை அடுத்து வரும் அண்மைச் சுருள் நுண்குழல் என்னும் பகுதி. நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கையும், சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கிட்டத்தட்ட முழுமையாகவும், வடிந்து வந்துவிட்ட சிறு புரதங்களையும் உள்ளிழுத்துக்கொள்வது அதுதான். இரத்தத்தில் வரும் உலோகம் இந்தச் செல்களை அடையும்போது, கால்சியம், துத்தநாகம், இரும்பு போன்ற தேவையான தாதுக்களுக்காக ஏற்பட்ட அதே வழிகளிலோ, சிறு புரதங்களோடு ஒட்டிக்கொண்டோ உள்ளே போய்விடுகிறது. ஓயாமல் உழைக்கும் செல்கள் என்பதால் அவற்றில் ஆற்றலை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைந்திருக்கின்றன. உலோகங்கள் முதலில் சிதைப்பதும் அந்த ஆற்றல் உற்பத்தியைத்தான்.

இப்போது உங்கள் பரிசோதனைகளுக்கு வருவோம். கிரியேட்டினின் என்பது இரத்தத்தில் உள்ள ஒரு கழிவுப்பொருள்; வடிமுடிச்சுகள் எவ்வளவு வடிக்கின்றன என்பதைக் காட்டும் அளவு அது. நுண்குழல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. வடிகட்டும் திறனிலும் ஏறத்தாழப் பாதி குறைந்த பிறகே அது தெளிவாக உயரத் தொடங்குகிறது. சிறுநீரில் புரதம் பார்க்கப் பயன்படும் சாதாரணப் பட்டையோ பெரும்பாலும் அல்புமின் என்ற ஒரு புரதத்தை மட்டுமே கண்டுபிடிக்கும். நுண்குழல் பழுதடையும்போது முதலில் கசியும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைப்புப் புரதம் போன்ற சிறு புரதங்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே, ‘எல்லாம் சரி’ என்ற அறிக்கையோடு ஒருவர் வீடு திரும்பும் காலத்திலேயே நுண்குழல்கள் மெல்லச் சிதைந்துகொண்டிருக்கக்கூடும்.

ஈயம் இன்னும் ஒரு படி மறைவாக வேலை செய்கிறது. நீண்ட காலம் சேரும் ஈயம் நுண்குழல்களைச் சுற்றியுள்ள திசுக்களைத் தழும்பாக்கி, இரு சிறுநீரகங்களையும் ஒருசேரச் சுருங்கச் செய்யும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. சிறுநீரில் புரதமும் மிகுதியாகப் போகாது. யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும் திறன் குறைவதால், கால் பெருவிரல் மூட்டில் திடீர் வீக்கமும் கடும் வலியுமாக வரும் கௌட் நோயே சிலருக்கு முதல் அறிகுறியாக அமைகிறது. இரத்த அழுத்தமும் கூடவே உயரலாம். ஈயத்தோடு வேலை செய்யும் ஒருவருக்கு இரத்த அழுத்தம், கௌட், லேசாக உயர்ந்த கிரியேட்டினின் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அவற்றைத் தனித்தனி நோய்களாக எண்ணித் தனித்தனி மாத்திரைகள் எழுதிவிட்டுப் போவது பெரும் பிழை என்பது என் கருத்து. அதே வேளையில், ஈயத்தைப் பற்றி யாரும் கேட்காததால் அது அப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்தது இதற்குப் பொருத்தமான சான்று. அங்கே குழந்தைகளுக்குக் கண்டிருந்த ஈய நச்சுக்கு வீட்டுத் திண்ணைக் கம்பிகளில் பூசியிருந்த ஈயப் பெயிண்ட்தான் காரணம் என்று லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர் 1904இல் எடுத்துக்காட்டினார். அந்தத் தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னர், அவர்களிடையே நாள்பட்ட சிறுநீரக நோயால் நேர்ந்த இறப்புகள் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்தமை 1950களில் ஆராய்ந்து காட்டப்பட்டது. நச்சு உட்கொண்ட காலத்துக்கும் சிறுநீரகம் கைவிட்ட காலத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

உங்களுக்கு இப்போது தேவைப்படுவது இரத்தத்தில் ஈய அளவு. இரத்தத்தில் உள்ள ஈயத்தில் ஏறத்தாழ முழுவதும் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான சீரத்தை மட்டும் பிரித்துச் செய்யும் பரிசோதனை பயன்படாது. முழு இரத்தத்தில் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்கு வரையறுக்கப்படவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் பெரியவர்களின் உடலில் சேர்ந்துள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்புகளில்தான் தங்கியிருக்கிறது. அங்கே அது பல பத்தாண்டுகள் இருக்கும். எனவே, ஒரு மாதம் விடுப்பில் இருந்துவிட்டுச் செய்துகொள்ளும் பரிசோதனை நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடலாம்.

ஈய அளவோடு, கணிக்கப்பட்ட வடிதிறன் (கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் திறன்), யூரிக் அமிலம், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும், வசதி இருந்தால் சிறுநீரில் சிறு புரதம் ஒன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தொழில் என்ன என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மேற்கண்ட தொழிலில் இருப்பவரின் மனைவி நான். எங்களுக்குச் சிறு குழந்தை இருக்கிறது, மீண்டும் கருவுற்றிருக்கிறேன். பட்டறைப் பக்கம் நாங்கள் போவதே இல்லை. எங்களுக்கும் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. ஈயத் தூசு வேலை உடையிலும், தலைமுடியிலும், காலணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது நேரே உள்ளே போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தை மிக அதிகமாக உறிஞ்சும். கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தோடு சேர்ந்து ஈயமும் கரைந்து இரத்தத்துக்கு வந்து குழந்தையைச் சேரும். எனவே உங்கள் கணவர் வேலை உடையைப் பட்டறையிலேயே கழற்றி, குளித்து, வேறு உடை உடுத்திய பின் வீட்டுக்கு வரட்டும். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். தரையைக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. குழந்தைக்கும் உங்களுக்கும் இரத்த ஈய அளவைத் தாமதிக்காமல் பார்த்துவிடுங்கள். உடலில் இரும்பும் கால்சியமும் குறைந்திருந்தால் ஈயம் இன்னும் எளிதாக உறிஞ்சப்படும் என்பதால், அவையும் போதிய அளவில் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் வேதியியல் ஆசிரியர். ஜப்பானில் காட்மியத்தால் எலும்பு முறியும் நோய் வந்தது என்று பாடத்தில் சொல்கிறோம். சிறுநீரகத்தைத் தாக்கும் உலோகம் எலும்பை எப்படி முறிக்கிறது? உடலுக்குள் போன காட்மியம் ஏன் வெளியேறுவதில்லை?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

உணவில் வரும் காட்மியத்தில் குடல் உறிஞ்சுவது சில விழுக்காடுதான். உறிஞ்சப்பட்டது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே மெட்டலோதயோனீன் என்ற சிறு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. குதிரையின் சிறுநீரகத்திலிருந்து 1957இல் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் புரதம், கந்தக அணுக்களால் உலோகத்தை இறுகப் பிணைத்து அதன் நச்சை அடக்கி வைக்கிறது. இது உடலுக்குக் காவலாகத் தோன்றினாலும், இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காட்மியத்தைச் சுமந்த அந்தப் புரதம் மிகச் சிறியது என்பதால் வடிமுடிச்சில் எளிதாக வடிந்துவிடுகிறது. வடிந்த சிறு புரதங்களை வீணாக்காமல் மீட்பது அண்மைச் சுருள் நுண்குழலின் கடமை என்பதால், அது இதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல்லுக்குள் புரதம் செரிக்கப்படுகிறது. காட்மியம் மட்டும் விடுபட்டு நிற்கிறது. செல் தானே புதிதாக மெட்டலோதயோனீன் செய்து அதை மீண்டும் கட்டிப்போடுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, கட்டிப்போடும் புரதம் போதாமல் போகும்போது செல் அழியத் தொடங்குகிறது. சிறுநீரில் வெளியேறுவது நாளொன்றுக்கு உடலில் உள்ள மொத்த அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடப்படுவது இதனால்தான். தன்னிடம் வந்ததை வீணாக்காமல் காக்கும் உறுப்பின் சிக்கனமே அதற்கு நஞ்சாகிவிடுகிறது.

நுண்குழல் செல்கள் அழிந்தால், மீட்க வேண்டிய பாஸ்பேட், கால்சியம், சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் சிறுநீரோடு போய்விடும். வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் இதே செல்கள்தாம்; அதுவும் தடைப்படும். தாது சேராத எலும்பு மென்மையாகி வளைந்து முறிகிறது. ஜப்பானில் தொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றங்கரைக் கிராமங்களில் நடந்தது இது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியோகா துத்தநாகச் சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்தது. அந்த நீர் பாய்ந்த வயல்களில் விளைந்த அரிசியில் காட்மியம் சேர்ந்தது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதைக் கடந்த, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்கள். இருமினாலும் எலும்பு முறியும் அளவுக்கு அவர்களுடைய உடல் நலிந்திருந்தது. சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு முதன்முதலில் ஏற்றுக்கொண்டது இதைத்தான், ஆண்டு 1968. கெட்டுப்போன வயல் மண்ணை மாற்றிச் சீர்செய்யும் பணி 2012வரை நீண்டது.

பெண்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. உடலில் இரும்புச் சத்து குறையும்போது குடல் இரும்பைத் தேடி உள்ளிழுக்கும் வழியைப் பெருக்கிக்கொள்கிறது. அதே வழியில் காட்மியமும் நுழைந்துவிடும். பிள்ளைப்பேறும் மாதவிடாயும் இரும்பைக் குறைப்பதால், ஒரே தட்டில் உண்டாலும் பெண்ணின் உடலில் சேர்வது கூடுதலாகிறது.

மாணவர்களுக்குச் சொல்லத் தகுந்த இன்னொரு செய்தி: ஜப்பானிய நோய் உலகறியும் முன்பே, 1950இல், சுவீடனில் லார்ஸ் ஃபிரிபெர்க் என்னும் ஆய்வாளர் காட்மியத் தூசைச் சுவாசித்த பேட்டரித் தொழிலாளர்களின் சிறுநீரில் வழக்கத்துக்கு மாறான புரதம் போவதை விவரித்திருந்தார். இன்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒருவர் வாரத்துக்கு உட்கொள்ளத்தக்க காட்மியத்தை உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் என்று வரையறுத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது வாரத்துக்கு 150 மைக்ரோகிராம் ஆகும். இந்த வரம்பைக் கணக்கிட அவர்கள் எடுத்துக்கொண்ட அடையாளமும் சிறுநீரில் போகும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்தான், கிரியேட்டினின் அன்று.

கேள்வி: சிகரெட்டில் காட்மியம் இருப்பது உண்மையா?

பதில்: உண்மை. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. குடலைவிட நுரையீரல் அதைப் பன்மடங்கு எளிதாக உறிஞ்சும். புகைப்பவரின் உடலில் உள்ள காட்மியச் சுமை புகைக்காதவருடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

கேள்வி: முகம் வெளுக்க இணையத்தில் வாங்கிய க்ரீம் ஒன்றைச் சில மாதங்களாகப் பூசி வந்தேன். இப்போது கால்களிலும் முகத்திலும் வீக்கம். சிறுநீர் நுரைத்துப் போகிறது. பரிசோதனையில் புரதம் நிறைய வெளியேறுகிறது என்கிறார்கள். தோலில் பூசிய க்ரீமுக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம், அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதும் அதுதான். முதலில் க்ரீமை இன்றே நிறுத்துங்கள். ஆனால் டப்பாவை எறிந்துவிடாமல், மூடிய பையில் வைத்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

நிறம் வெளுக்கச் செய்யும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரச உப்புகள் சேர்க்கப்படுகின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அவை தடுக்கும் என்பதால் விரைவாகப் பலன் தெரியும். அந்த விரைவே ஐயப்படுவதற்குரிய அடையாளம். பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று, மற்ற உறுப்புகளைக் காட்டிலும் சிறுநீரகத்திலேயே மிகுதியாகத் தங்குகிறது. ஈயமும் காட்மியமும் நுண்குழலைத் தாக்குவதாகச் சொன்னேன். பாதரசமோ சிலருக்கு நோய் எதிர்ப்பு அமைப்பையே வடிமுடிச்சின் மீது ஏவிவிடுகிறது. மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நிலை அப்படி உண்டாவதுதான். வடிமுடிச்சின் சவ்வு ஓட்டையாகி அல்புமின் பெருமளவில் கொட்டுகிறது. உடலில் நீர் கோத்துக்கொள்கிறது. கென்யாவின் நைரோபியில், வெளுக்கும் க்ரீம் பூசியவர்களிடையே இந்த நோய் வந்ததை மருத்துவர்கள் 1972லேயே எழுதியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதே க்ரீம்கள் வேறு வேறு பெயர்களில் விற்பனையாவது எனக்கு வியப்பை அல்ல, எரிச்சலையே தருகிறது.

உங்கள் மருத்துவரிடம் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவு பார்க்கும்படி கேளுங்கள். சிறுநீரகத் திசுப் பரிசோதனை தேவைப்படலாம். அதில் நெல்-1 (NELL-1) என்னும் புரதம் தென்பட்டால் பாதரசத்தின் மீதான ஐயம் வலுப்படும். ஆனால் அதே புரதம் சில புற்றுநோய்களிலும், உலோகம் சேர்த்துச் செய்யப்படும் சில மரபு மருந்துகளை உட்கொள்பவர்களிடமும் காணப்படுவதால், மருத்துவர் அவற்றையும் விசாரிப்பார். ஆறுதலான செய்தி என்னவென்றால், க்ரீமை நிறுத்திவிட்ட பிறகு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் புரதக் கசிவு குறைந்து சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. அதற்கு முன் காரணம் தெரியாமல் வலுவான நோய் எதிர்ப்புக் குறைப்பு மருந்துகளைத் தொடங்கிவிட நேர்ந்தால் அது வீண் சுமை. ஆகவே க்ரீமைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

லேபிளில் ‘கேலோமெல்’, ‘மெர்க்குரஸ் குளோரைடு’, ‘மெர்க்குரிக் அயோடைடு’, ‘அம்மோனியேட்டட் மெர்க்குரி’ என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது பாதரசமே. பொருட்பட்டியலே அச்சிடப்படாத டப்பா அதைவிட நம்பத்தகாதது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த இத்தகைய ஒப்பனைப் பொருட்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த வேண்டுமென்கிறது. முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை விலக்கு இருந்தது. 2023இல் அந்த விலக்கையும் நீக்கினார்கள். வீட்டில் உங்களோடு இருப்பவர்களையும், குறிப்பாகக் குழந்தைகளையும், பரிசோதிப்பது நல்லது. துண்டு, தலையணை உறை வழியாகவும் ஆவியாகவும் பாதரசம் மற்றவர்களை எட்டியிருக்கிறது.

கேள்வி: குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் உலோகங்கள் போய்விடுமா?

பதில்: போகாது. கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு ஈயம் 10, ஆர்சனிக் 10, காட்மியம் 3, யுரேனியம் 30 மைக்ரோகிராம். இவற்றுள் ஆர்சனிக்கும் யுரேனியமும் பெரும்பாலும் நிலத்தடிப் பாறைகளிலிருந்து நீரில் கரைபவை. நிறமோ மணமோ சுவையோ காட்டாதவை. யுரேனியத்தின் கதிரியக்கத்தைப் பற்றியே மக்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் குடிநீரில் வரும் அளவுகளில் நுண்குழல்களைத் தாக்கும் அதன் வேதி நச்சுத்தன்மையே முதலில் கருதத்தக்கது. ஈயம் நிலத்தடி நீரில் அல்லாமல், பழைய குழாய்களிலிருந்தும் பற்றவைப்புகளிலிருந்தும் பித்தளைப் பொருத்திகளிலிருந்தும் கலக்கிறது. இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைச் சற்று ஓடவிட்டுப் பின் பிடிப்பதும், சமையலுக்கும் குடிப்பதற்கும் சூடான குழாய் நீரைத் தவிர்ப்பதும் அதைக் குறைக்கும். எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் இயங்கும் சுத்திகரிப்பான் பெரும்பாலான உலோகங்களை நீக்கும். சாதாரணக் கரி வடிகட்டி ஆர்சனிக்கை நீக்குவதாக எண்ணிவிடக் கூடாது. இயந்திரம் வாங்குவதற்கு முன், கிணற்று நீரை ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எது இருக்கிறது என்று தெரியாமல் எதை நீக்குவது?

கேள்வி: உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றும் ‘டீடாக்ஸ்’ சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தலைமுடியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். மருந்து கொடுத்துப் பின் சிறுநீரையும் சோதித்தார்கள். இரண்டிலும் உலோகம் அதிகம் என்று வந்திருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வேண்டாம்.

தலைமுடியில் தூசும் சாயமும் ஷாம்பூவும் படிவதால், அதில் காணும் உலோகம் உடலுக்குள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து ஒட்டியதா என்று பிரித்தறிவது கடினம். இரண்டாவது பரிசோதனை அதைவிடத் தவறான வழியில் கொண்டுபோகிறது. உலோகத்தைப் பிணைக்கும் கீலேஷன் மருந்தைக் கொடுத்தபின் யாருடைய சிறுநீரைச் சோதித்தாலும் உலோகம் கூடுதலாகத்தான் வரும். மருந்தின் வேலையே அதுதானே. அந்த எண்ணை, மருந்து கொடுக்காத மக்களின் வழக்கமான அளவோடு ஒப்பிட்டு ‘அதிகம்’ என்று அச்சிட்டுத் தருகிறார்கள். இத்தகைய தூண்டல் பரிசோதனை அறிவியல்படி நிறுவப்படாதது என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி அறிவித்திருக்கிறது.

கீலேஷன் பயனற்ற மருத்துவம் என்று நான் சொல்லவில்லை. கடுமையான ஈய நச்சில் கால்சியம் சேர்ந்த ஈடிடிஏவும், வாய்வழி கொடுக்கப்படும் சக்சிமரும் உயிர் காப்பவை. ஆனால், அவை பிணைத்த உலோகம் வெளியேறும் வழி பெரும்பாலும் சிறுநீரகமேதான். ஈடிடிஏ அளவு மீறினால் அதே நுண்குழல்களைத் தானே சிதைக்கும். வேறு சில உலோகங்களுக்குக் கொடுக்கப்படும் பெனிசிலமைன் மெம்பரனஸ் நெஃப்ரோபதியை உண்டாக்கக்கூடியது. உடலில் நெடுநாள் சேர்ந்துவிட்ட காட்மியத்துக்கோ, பயன் நிறுவப்பட்ட கீலேஷன் மருந்து இதுவரை இல்லை. சிறுநீரகத்தில் கட்டுண்டு கிடப்பதைக் கிளறிவிடுவது தீங்காகவும் முடியலாம். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில், கீலேஷன் சிகிச்சையின்போது இரத்தக் கால்சியம் திடீரெனச் சரிந்து மூவர் இறந்தனர். கால்சியம் சேர்ந்த ஈடிடிஏவுக்குப் பதிலாகச் சோடியம் மட்டும் கொண்ட ஈடிடிஏவைக் கொடுத்தமை அவற்றில் காரணமாகச் சுட்டப்பட்டது. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு.

நாள்பட்ட சிறுநீரக நோயும், உடலில் சற்றுக் கூடுதலான ஈயச் சுமையும் உள்ளவர்களுக்கு ஈடிடிஏ கொடுத்ததில் நோய் முற்றுவது மெதுவானதாகத் தைவான் ஆய்வாளர்கள் 2003இல் ஒரு சிறிய ஆய்வில் காட்டினார்கள். டீடாக்ஸ் நிலையங்கள் இதை மேற்கோள் காட்டக்கூடும். அது சிறுநீரக நோயாளிகளிடம், அளந்தறிந்த ஈயச் சுமையோடு, கண்காணிப்பில் செய்யப்பட்டது. அறிகுறி ஏதுமில்லாத உங்களுக்கு அது பொருந்தாது. தொழிலிலோ வீட்டிலோ உலோகம் சேரும் வழி ஏதேனும் உங்களுக்கு உண்டா என்று முதலில் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், அந்த நிலையத்தைப் பற்றி அதுவே போதுமான செய்தி.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் ஈயமும் காட்மியமும் சற்றுக் கூடுதல் என்று வந்தது. உலோகத்தால்தான் சிறுநீரகம் கெட்டதா, அல்லது சிறுநீரகம் கெட்டதால் உலோகம் சேர்ந்ததா?

பதில்: ஆய்வாளர்களே வாதிட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை நேராகக் கேட்டிருக்கிறீர்கள். வடிதிறன் குறைந்தவர்களின் இரத்தத்தில் உலோகம் மிகுதியாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், வெளியேற்றும் உறுப்பு மந்தப்பட்டால் உலோகம் தேங்கும் என்பதால், ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்த ஆய்வு எது காரணம் எது விளைவு என்று சொல்லாது. சிறுநீரில் உள்ள காட்மியத்தையும் இதேபோல் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நுண்குழல் பழுதான பிறகு, சேர்த்து வைத்த காட்மியம் கூடுதலாகக் கசியும், செல்கள் பெருமளவு அழிந்த பின்னரோ அது குறைந்துவிடும். தொழிலாலோ சூழலாலோ மிகுதியாக ஆட்பட்டவர்களிடம் உலோகம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. குறைந்த அளவுகளில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் செய்யும் கேட்டோடு அது சேர்ந்துகொள்கிறது என்று கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. உங்களைப் பொறுத்தவரை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே முதன்மையானது. கூடவே, உலோகம் வரும் வழியைத் தேடிப் பாருங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கும்போது கடோலினியம் சேர்ந்த மருந்து ஏற்றப்போவதாகச் சொன்னால், உங்கள் வடிதிறனை அவர்களிடம் கூறிவிடுங்கள். அதுவும் ஒரு கன உலோகமே. வடிதிறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதன் பழைய வகை மருந்துகள் சில, தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் நோயை உண்டாக்கியது 2006இல் தெரியவந்தது. அந்த மருந்து ஏற்றிய சில நாட்களுக்குள் உலோகப் பரிசோதனைக்கு இரத்தமோ சிறுநீரோ கொடுத்தால் முடிவு பிறழக்கூடும். ஆர்சனிக் அளவு பார்ப்பதானால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் கடல் உணவைத் தவிர்க்க வேண்டும். மீனிலும் நண்டிலும் உள்ள தீங்கற்ற ஆர்சனிக் சேர்மம் எண்ணை உயர்த்திக் காட்டிவிடும்.

கேள்வி: புற்றுநோய்க்காக என் தந்தைக்குச் சிஸ்பிளாட்டின் மருந்து ஏற்றுகிறார்கள். அது பிளாட்டினம் என்கிறார்களே, சிறுநீரகத்துக்கு ஆகாதா?

பதில்: சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினமும் அண்மைச் சுருள் நுண்குழல் செல்களுக்குள்தான் சேர்கிறது. மருந்து பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் ஓரளவு பாதிப்பு ஏற்படலாம். இது 1978இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்ற காலத்திலிருந்தே தெரிந்த விளைவு என்பதால், அதற்கான காப்பு முறைகளும் வகுக்கப்பட்டுள்ளன. மருந்துக்கு முன்னும் பின்னும் உப்பு நீரை நரம்பு வழியே ஏற்றுவதும், மெக்னீசியம் சேர்ப்பதும் அதற்காகவே. உங்கள் தந்தையின் சிகிச்சையை நிறுத்துவதைப் பற்றி எண்ண வேண்டாம். புற்றுநோயை அடக்குவதில் அந்த மருந்தின் பயன் பெரிது. வலிக்காக ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை அவர் தாமாக வாங்கி உண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி நிற்காமல் இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கை கால்கள் இழுத்துப் பிடித்தாலோ அடுத்த தவணைவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்பு கிரியேட்டினினோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் பார்க்கப்படுகின்றனவா என்று கேட்டு, அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.